கண்களை மூடி ஜெபிப்போம்

எங்கள் வீட்டில் காலை ஆறரை மணிக்கு யாரும் காபி கேட்கக் கூடாது. அது கனடா நேரம். அங்கே அப்போது இரவு ஒன்பது. என் தங்கை மோனிகாவின் வீட்டுக்காரன் எட்வர்ட், வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வீடியோ கால் போடுவான். போன் திரையில் மூன்று கட்டம் வரும். ஒன்றில் அவனும் மோனிகாவும். இன்னொன்றில் வேப்பம்பட்டிலிருந்து அவனுடைய அப்பா அம்மா. மூன்றாவதில் எளாவூரிலிருந்து நாங்கள்: அப்பா சாலமோன், அம்மா கிரேஸ், கல்யாணம் ஆகாமல் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டு வீட்டோடு இருக்கிற பெரிய பெண்ணாகிய நான், ரூபி. "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று எட்வர்ட் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம்.

முன்பெல்லாம் நானும் அவனை 'அவர்' என்றுதான் சொன்னேன். இப்போது அந்த மரியாதை என் வாயில் வர மாட்டேன் என்கிறது.

ஊரே அவனைக் கொண்டாடியது. வெளிநாடு போன மாப்பிள்ளை குடிப்பான், மாமனார் வீட்டை மறந்துவிடுவான் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. இவனோ தினமும் மாமனார் மாமியாரைக் கூப்பிட்டு வைத்துக் குடும்ப ஜெபம் நடத்துகிறான். அம்மா இதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகவே சொன்னாள். பாஸ்டர் மைக்கில் ஸ்தோத்திரம் சொன்னார். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற தாய்மார்கள் அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அப்பாவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று கிடைத்தது. எங்கள் தாத்தா கடைசி வரைக்கும் பிறத்தியார் நெல் வயலில் கூலிக்குக் குனிந்தவர். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு மில்லில் வெந்து, முட்டி தேய்ந்து, வீட்டுக்கு வந்தவர். அந்த வயல்காரர் வீட்டுப் பையன் ஒருநாள் காலையில் பைக்கை எங்கள் வாசலில் நிறுத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "கனடா போறதுக்கு இன்னா பண்ணணும்? உங்க மாப்ளய கேட்டு சொல்றீங்களா?" என்றான். அப்பா அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு, எதிரே தனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒரு காலைக்காக எட்வர்டின் எந்தத் தப்பையும் அவர் மன்னித்துவிடுவார். மன்னிக்கவும் செய்தார், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நன்றாக ஜெபிப்பான், இல்லையென்று சொல்ல மாட்டேன். சபைத் தமிழ் அவன் வாயில் வழுக்கிக்கொண்டு வரும். ஆரம்பத்தில் எல்லோருக்காகவும் ஜெபித்தான். அப்பாவின் முட்டி, அம்மாவின் சர்க்கரை, எனக்கு ஒரு நல்ல வரன். கொஞ்ச காலத்தில் நாங்களெல்லாம் குணமாகிவிட்டோம் போலிருக்கிறது. ஜெபம் முழுக்க மோனிகாவிடம் போய்விட்டது.

"பிதாவே, வேலைக்குப் போக வேண்டும் என்று இவளை ஏவுகிற உலக ஆசையை இவளை விட்டு அகற்றும். இருக்கிறதில் திருப்தியடைகிற மனதைத் தாரும்."

"ஆமென்" என்றார் அப்பா. அம்மாவும் சொன்னாள். நானும்தான்.

"மேல்வீட்டில் இருக்கிற அந்த அந்நிய ஸ்திரீயின் சிநேகத்திலிருந்து இவளை விலக்கிக் காரும்."

"ஆமென்."

"அடியேன் பெயரில் வந்த விசாவினால்தான் இந்தத் தேசத்தில் நிற்கிறோம் என்பதை இவள் மறவாதபடி செய்யும்."

"ஆமென்."

ஒரு மாப்பிள்ளை மாமனாரிடம் பெண்டாட்டியைக் குறை சொன்னால் அது புகார். உட்கார்ந்து பேசலாம், அவள் தரப்பையும் கேட்கலாம், வேண்டுமானால் சண்டை போடலாம். அதே குறையைக் கண்ணை மூடிக் கடவுளிடம் சொன்னால் யார் குறுக்கே பேசுவது? ஆமென் சொல்வதைத் தவிர மாமனாருக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு உறைக்க நாளாயிற்று.

மோனிகா இப்படிக் குனிந்து உட்காருகிற பெண்ணே இல்லை. சிப்காட்டில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள். நேரத்துக்கு வராத பஸ் டிரைவரை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவாள். சபைப் பாட்டில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். கனடா போன பிறகு அவளிடம் "எப்டி கீற?" என்றால், பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேன்க்கா" என்பாள். தனியாகப் பேச அவளுக்கு ஒரு நம்பர் கிடையாது. "புருஷன் பெஞ்சாதின்னா ஒண்ணுதானே அத்தை, எதுக்கு ரெண்டு போன்?" என்று எட்வர்ட் கேட்டபோது அம்மா சொக்கிப்போனாள். எனக்கும் அது கேட்க அழகாகத்தான் இருந்தது.

ஆகவே மோனிகாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு எதிராக அவன் ஜெபித்ததுதான். அவள் வேலை தேடுகிறாள் என்பது அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னல் கூடச் சரியாக இல்லாத இடத்தில் இருக்கிறார்கள், மேலே ஒரு பஞ்சாபி அம்மாள் இருக்கிறாள், அவளிடம் மோனிகா பேசுகிறாள் என்பதும் அப்படித்தான்.

அன்றைக்கு ஜெபம் நீண்டுகொண்டே போனது. எனக்குக் கம்பெனி பஸ் வந்துவிடுமே என்ற கவலை. நேரம் பார்க்கலாம் என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

எட்வர்ட் கண்ணை இறுக மூடி ஜெபித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை மோனிகாவின் பிடரியில் இருந்தது. தோளில் ஆசையாகப் போடுகிற கை இல்லை. விரல்கள் இரண்டு பக்கமும் கழுத்தில் பதிந்து, கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தன. அவள் தலை கீழே அழுந்தி, தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் குரலில் ஒரு பிசிறு இல்லை. 'இவளுக்கு அடக்கத்தைத் தாரும்' என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மோனிகாவின் கண்கள் திறந்திருந்தன. புருவத்துக்கு அடியிலிருந்து நேராக என்னைப் பார்த்தாள்.

எத்தனை மாதமாக நடக்கிறதோ. பெற்றவர்கள், மாமனார், மாமியார், கூடப் பிறந்தவள் என்று இத்தனை பேர் முன்னால் தினமும் நடந்திருக்கிறது. எல்லோரும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கால் முடிந்ததும் சொன்னேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "நைனா, அவன் மோனி கழுத்த புட்சி அமுக்கிக்கினு கீறான். நான் பாத்தேன்."

"ஆசையா தோள்ல கை போட்டுக்கினு இருந்திருப்பாரு" என்றாள் அம்மா.

"ஆசைன்னா எனக்கு தெரியாதாம்மா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஜெபத்துல நீ எதுக்கு கண்ண தொறந்த?" என்றார்.

அதுதான் அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி. ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று நாஷ்டா அப்படியே தட்டில் ஆறிக்கிடந்தது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது, எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எதைச் செய்வார்களோ அதைச் செய்துகொண்டிருந்தார். பெண்ணுக்கு ஒரு கஷ்டமென்றால் அவளிடம் கேட்க மாட்டார்கள். சம்பந்தியிடம் சொல்வார்கள். அதுவும் தானே தப்புச் செய்த மாதிரி சொல்வார்கள்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவ இன்னாவோ கண்ண தொறந்து பாத்தாளாம், இன்னாவோ சொல்றா. தம்பிகிட்ட ஒரு வார்த்த, தன்மையா..."

போனைப் பிடுங்கலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் மோனிகா கழுத்தைச் சுற்றிக் கனமான சால்வை போட்டிருந்தாள். எட்வர்ட் மெல்லிய டி-ஷர்ட்டில் இருந்தான். குளிர் அவளுக்கு மட்டும் போலிருக்கிறது. அவள் கண்களை இறுக்கி மூடியிருந்தாள். நான் திறந்தே வைத்திருந்தேன். ஒரு தடவை கூட அவள் நிமிரவில்லை.

"ஜெப வேளையில் கண்களைத் திறந்து குடும்பத்தில் பிரிவினையை விதைக்கிறவர்களை மன்னியும் பிதாவே" என்று ஆரம்பித்தான். "அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடின இவளுடைய கைகளையும் மன்னியும். இவள் திரும்பிப் போனால் இவள் தகப்பனுடைய தலை சபையில் கவிழ்ந்துபோகும் என்பதை இவளுக்கு உணர்த்தும்."

"ஆமென்" என்றார் அப்பா.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பாஸ்போர்ட் என்று காதில் விழவில்லையா? தன் தலையைச் சொல்லித்தான் தன் மகளைக் கட்டிப்போட்டிருக்கிறான் என்று புரியவில்லையா? கண்ணை மூடி, கையைக் கூப்பி, முகமெல்லாம் பயபக்தியாக இருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் எட்வர்ட்மேல் கூட வரவில்லை.

அன்று வேலையில் கை ஓடவில்லை. மோனிகாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைப் பொறுத்தவரை எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் எங்கள் காதுபடத்தான் அவன் சொல்கிறான், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஆமென் சொல்கிறோம். இவர்களுக்கும் சம்மதம்தான் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பாள்? அவளிடம் ஒரே ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும். நீ வரலாம், உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது மட்டும். அதைச் சொல்ல எனக்கு இருந்தது அந்தக் காலை நேரத்து வீடியோ கால் மட்டும்தான். அதிலும் எதையாவது பேச ஆரம்பித்தால் கட் பண்ணிவிட்டு 'நெட்வொர்க் சரியில்ல மாமா' என்பான்.

ஜெபத்தை மட்டும் கட் பண்ண மாட்டான். எங்கள் சபையில் ஜெபிக்கிறவரை யாரும் நிறுத்தக் கூடாது. போதையில் வந்து எவனாவது எழுந்து ஜெபித்தால் கூட, அவன் முடிக்கிற வரைக்கும் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். சம்பந்திகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும்போது, ஜெபவீரன் என்று பேரெடுத்த எட்வர்ட் எப்படி நிறுத்துவான்?

மறுநாள் கால் வந்ததும், "இன்னிக்கு நான் ஜெபம் பண்றேன்" என்றேன்.

நான் மனம் திரும்பிவிட்டேன் என்று அப்பாவுக்குப் பூரிப்பு. "பண்ணும்மா" என்றார். எட்வர்டும் தாராளமாக, "பண்ணுங்கக்கா, ஸ்தோத்திரம்" என்றான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவன் கை மெதுவாக அவள் பிடரிக்குப் போனது.

"பரலோகப் பிதாவே, இந்தக் காலைக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். "கண்ணைத் திறந்து பிரிவினை விதைத்தவள் நான்தான்."

"ஆமென்" என்றான் எட்வர்ட், மெதுவாக.

"என் தங்கச்சியோட நான் பேச முடியல ஆண்டவரே, நீராவது பேசும். மேல்வீட்டு அம்மா நல்லவங்கன்னு அவகிட்ட சொல்லும். இவரு அவங்களுக்கு பயப்படுறத வச்சே எனக்கு தெரிஞ்சி போச்சின்னு சொல்லும். பாஸ்போர்ட் இல்லன்னா வேற வாங்கிக்கலாம்னு சொல்லும். விசா குடுக்கறது கவர்ன்மென்ட், புருஷன் இல்லன்னு சொல்லும்."

வேப்பம்பட்டுக் கட்டத்தில் யாரோ இருமினார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"அக்கா, இது ஜெபம் மாதிரி இல்ல..." என்றான் எட்வர்ட்.

"நான் இன்னும் ஆமென் சொல்லல எட்வர்டு." அதற்கு மேல் சபைத் தமிழெல்லாம் என் வாயில் நிற்கவில்லை. "மோனி, எங்க தல கவுந்தா கவுந்துட்டு போவுது. நீ ஊட்டுக்கு வரலாம். உன்ன யாரும் திருப்பி அனுப்ப மாட்டோம். எழுந்திரு. இப்பவே போய் அந்தம்மா கதவ தட்டு. நைனா, கண்ண தொற! எல்லாரும் கண்ண தொறங்க! சம்பந்தி, உங்க புள்ள கை எங்க கீதுன்னு பாருங்க!"

எல்லோரும் திறந்தார்கள். கை அங்கேதான் இருந்தது. எடுக்க வேண்டும் என்றே ஒரு நிமிஷம் அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு சூடு பட்ட மாதிரி எடுத்தான். எடுத்ததும் மோனிகா எழுந்தாள். திரையில் அவள் இடுப்பு தெரிந்தது, அப்புறம் வெறும் நாற்காலி. கதவு திறக்கிற சத்தமும் மரப்படியில் தடதடவென்று ஏறுகிற சத்தமும் கேட்டன.

எட்வர்ட் பாதி எழுந்தான். "வேணாம் தம்பி, உக்காரு" என்று அவன் அம்மா வேப்பம்பட்டிலிருந்து சொன்னாள். ஆச்சரியமோ அதிர்ச்சியோ அந்தக் குரலில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் புருஷனை அவள் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளுக்கு இது தன் வீட்டிலேயே பழகின சங்கதி என்று எனக்குப் பட்டது.

அவன் உட்கார்ந்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டான். அப்பாவைப் பார்த்து, வருத்தமாகச் சிரித்தான்.

"பாத்தீங்களா மாமா? இதுக்குத்தான் நான் தினமும் ஜெபிக்கிறேன்."

கால் முடிந்தது. "ஜெபத்த அசிங்கம் பண்ணிட்டியே" என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சபைக்குப் போய்விட்டார். நான் வேலைக்குப் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவளைப் படியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருப்பானோ, நான்தான் அவளை அடிபட வைத்தேனோ என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் ஒரு வெளிநாட்டு நம்பர் வந்தது.

"அக்கா" என்றாள் மோனிகா. பஞ்சாபி அம்மாளின் போன். "போலீஸ் வந்தாங்கக்கா. இந்தம்மா கூடவே நின்னாங்க. பாஸ்போர்ட்ட வாங்கிக் குடுத்துட்டாங்க. பொம்பளைங்க தங்குற எடம் ஒண்ணு கீதாம், அங்க கூட்டிம்போறாங்க. அக்கா, அவனே 'போ, போ, உங்கப்பன் உன்ன சேத்துக்க மாட்டான்'னு கத்துனான்க்கா."

அம்மா போனை வாங்கி, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியாது. அந்த ஒரு பகல் முழுக்க நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு ஆண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே முட்டி போட்டிருந்தார். அந்த முட்டியோடு. திரையில் எட்வர்ட் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"வழிதப்பிப் போன என் மனைவியைத் திருப்பிக் கொண்டுவாரும் பிதாவே. இவளை நான் மன்னித்ததுபோல நீரும் மன்னியும்."

"ஆமென்" என்றார் அப்பா. அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

போனை எடுத்து கட் பண்ணினேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அப்பாவைப் பார்த்து ஒரு மகள் பேசுகிற பேச்சில்லை அது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவரும் மனுஷன்தானே ரூபி, எப்டி அழுவுறாரு பாரு" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா எங்கள் இரண்டு பேரில் யார் பக்கமும் பேசவில்லை.

சாயங்காலம் மோனிகா கூப்பிட்டாள். அந்த இடத்தில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள். "ஊருக்கு வந்துடலாம்னு பாக்குறேன்க்கா. நைனா கீதா? குடு" என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கெஞ்சாத குறைதான்.

சொல்லவும் செய்தார். "வந்துரு கண்ணு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை. "வந்து ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் ஒப்புக்குடு. மாப்ள மனசு ஒடஞ்சி பூட்டாரு. சம்பந்தியயும் வச்சிக்கினு பேசி எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்."

மோனிகா நேராகக் கேட்டாள்.

"அவன் மனசு ஒடஞ்சத நீ எப்ப பாத்த நைனா? காலைல ஜெபம் நடந்துச்சா?"

"நடந்துச்சி."

"எனக்காவ ஜெபம் பண்ணானா?"

"ஆமா கண்ணு, அழுதுகினே பண்ணாரு." நல்ல சேதி சொல்கிற மாதிரி அவசரமாகச் சொன்னார்.

"நீ ஆமென் சொன்னியா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"சொன்னேம்மா" என்றார்.

"நான் அங்க வந்தா நீங்கள்லாம் தினமும் காலைல என்ன மன்னிப்பீங்க நைனா" என்றாள் மோனிகா. அவள் குரலில் கோபம் கூட இல்லை. "அது என்னால முடியாது. நான் இங்கயே இருந்துக்குறேன்."

அப்பா போனைக் காதில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். "ஹலோ, கண்ணு? ஹலோ" என்றார். பிறகு என்னிடம் நீட்டி, "டவர் இல்ல போலக்குது, இன்னான்னு பாரு" என்றார்.

"டவர்லாம் கீது நைனா" என்றேன். "அவதான் வச்சிட்டா."